ஒரு படி சாமையும் இரு நண்பர்களும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பிரயாணம் செய்யும் அன்பர்கள், கோமுகி அணையை விட்டு மேலே ஏறத் தொடங்கியதும் காற்று மாறுவதை உணர்வார்கள். கீழே கரும்பும் நெல்லும் கண்ணுக்கெட்டிய மட்டும் தெரியும். மேலே வளைவுகளைக் கடந்தால் மரவள்ளித் தோட்டங்களும் கடுக்காய் மரங்களும் தென்படும். இடையிடையே, தேடிப் பார்ப்பவர்களின் கண்ணுக்கு மட்டும், சரிவான ஒரு துண்டு நிலத்தில் சாமைப் பயிர் தலை சாய்த்து நிற்கும். அத்தகைய ஒரு துண்டு நிலத்தைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

சங்கங்களின் பேரேடுகளையும் இருப்பையும் சரிபார்ப்பது என் உத்தியோகம். தணிக்கைக்குச் சென்ற ஊரில் அங்கத்தினர் வீட்டில் உணவருந்தலாகாது என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட விதி. கடந்த ஆண்டு வெள்ளிமலையில் அவ்விதி தளர்ந்தது. கணக்கு முடித்துக் கையொப்பமிட்ட பின்னரே தளர்ந்தது என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்!

என்னை அழைத்தவர் அறுபது வயதைக் கடந்த மலைவாசி விவசாயி ஒருவர். அவர் வீட்டுத் திண்ணையில் முன்னரே ஒரு விருந்தாளி அமர்ந்திருந்தார். அவர் அடிவாரத்தை அடுத்த ஓர் ஊரின் நெசவாளி. அவ்வூர் நெசவாளர் சங்கத்தின் பழைய அங்கத்தினர். தம் குழித்தறியில் நெய்த துண்டு ஒன்றை ஆண்டுதோறும் கொண்டுவந்து நண்பருக்குப் போர்த்திவிட்டு, ஒரு வேளை சாமைச் சோறு உண்டு திரும்புவது அவர் வழக்கமாம்.

இருவரும் சந்தித்தது கள்ளக்குறிச்சியில் நடந்த ஓர் அங்கத்தினர் கல்வி முகாமில். நண்பகலில் நெசவாளி தம் தூக்கைத் திறந்தார். அரிசிச் சோறும் ரசமும் இருந்தன. மலைவாசி துணிமூட்டையை அவிழ்த்தார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இருந்தன. அரிசிச் சோற்றையே மேலென்று கருதிய அவர், தம் பாத்திரத்தைச் சற்று மறைத்துக்கொண்டாராம். "அண்ணே, அதைக் கொஞ்சம் இப்படித் தாருங்கள்" என்று நெசவாளி கை நீட்டினார். அன்று தொடங்கிய சிநேகிதம் இருபது ஆண்டுகளாக நீடிக்கிறது.

மலையாளிகள் என்றழைக்கப்படும் இம்மலைவாழ் மக்களுக்குச் சாமையும் தினையும் கேழ்வரகுமே முன்னோர் காலத்து உணவு. கேரளத்துக்கும் இப்பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்பதே பொருள். தங்கள் மூதாதையர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய செவிவழி மரபு. "அப்படியானால் நீங்கள் எங்கள் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள்தாம்" என்று நெசவாளி கேலி செய்வதுண்டு. கல்வராயன் மலையில் ஜாகீர் முறை நீங்கி, அரசின் நேர் நிர்வாகம் வந்தது 1976-ஆம் ஆண்டில். அதற்கு முன் மலையில் விளைந்ததே பெரும்பாலும் மலையில் உண்ணப்பட்டது. சாமை மழையை மட்டும் நம்பி வளரும். உமியோடு குதிரில் கிடந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. பஞ்சகாலத்தில் கைகொடுத்த தானியம் அது.

இன்று அது ஏன் குறைந்துவிட்டது? மரவள்ளியைப் பழிப்பது வழக்கமாகிவிட்டது. நான் பழிக்கமாட்டேன். சேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கை வாங்குகின்றன. கையில் மொத்தமாகப் பணம் வருகிறது. பிள்ளைகளின் படிப்புச் செலவு அதனால் நடக்கிறது. 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நியாயவிலைக் கடைகளில் விலையில்லா அரிசி கிடைக்கிறது. ஏழை வீட்டில் உலை கொதிப்பதை யார் குறை சொல்வார்கள்? 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்துக் கடைகளில் சாமை அரிசி அழகான பைகளில் ஏறி அமர்ந்தது. ஆனால் சாமை குறைந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை நான் எந்த அறிக்கையிலும் காணுமுன் அன்றைய பந்தியில் கேட்டேன்.

வாழையிலையில் சோறு விழுந்தது. மணி மணியாக உதிர்ந்தாலும் மிருதுவாக, சற்றே மண்வாசனையோடு இருந்தது. மொச்சைக் குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. பக்கத்தில் வேலியோரத்துக் கீரை. நண்பர்கள் இருவரும் பழங்கதையில் இறங்கினார்கள். ஓர் ஆண்டு நூல் கிடைக்காமல் நெசவாளியின் தறி இரண்டு மாதம் ஓடவில்லை. செய்தி கேட்ட மலைவாசி, குத்திப் புடைத்த சாமை அரிசி ஒரு மூட்டையைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினார். விலை பேசவில்லை. அதைச் சொல்லும்போது நெசவாளியின் குரல் தழுதழுத்தது. "என் அண்ணன் கொடுத்த மூட்டை" என்றார்.

பரிமாறிக்கொண்டிருந்த அம்மையார் அகப்பையை நிறுத்தினார். "மூட்டையைக் கொடுத்தது அவர்தான் அண்ணே. குத்தியது யார் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது கேட்டீர்களா?" என்றார். சினமில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பந்தி மௌனமாயிற்று.

சாமையின் உமி சிறிது, ஆனால் பிடிவாதமானது. வெயிலில் காயவைத்து, உரலிலிட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, நீங்காததை மீண்டும் குத்தி, கல் பொறுக்கி உலைக்குக் கொண்டுவருவதற்குள் பாதிப் பகல் போய்விடும். நெல் அரைக்கும் இயந்திரத்தில் போட்டால் பொடிந்துபோகிறது. "உண்பவர் பலர், குத்துபவள் ஒருத்தி. ரேஷன் அரிசி வந்தபோது நான்தான் முதலில் சந்தோஷப்பட்டேன்" என்றார் அம்மையார். கால் ஏக்கரில் மட்டும் சாமை விதைப்பது, கீழிருந்து வரும் இந்த ஒரு விருந்தாளிக்காகவே என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டது.

உணவு முடிந்ததும் நெசவாளி உலக்கையைக் கையிலெடுத்தார். நாற்பது ஆண்டு தறி மிதித்த உடம்பு. பத்து நிமிஷத்தில் திண்ணையில் உட்கார்ந்துவிட்டது. "தங்கச்சி, மன்னித்துவிடு" என்றார் மூச்சு வாங்க. நானும் முயன்றேன். என் முயற்சியின் பலனைக் கோழிகள் கொத்தித் தின்றன.

இக்குறை தீராத ஒன்றன்று. கொல்லிமலையிலும் இதே மலையாளிகள், இதே சாமை, இதே மரவள்ளிதான். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து சிறுதானியங்களைக் காக்கப் பாடுபட்டபோது, பெண்களின் இப்பாட்டைக் குறைக்காமல் பயிரைக் காக்க இயலாதென உணர்ந்து, ஊராரே குழுவாக நடத்தும் சிறு இயந்திரங்களை நிறுவியது. நமக்கு இன்னும் அருகில், திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. சிறுதானியத்துக்கென்றே அமைந்த உமி நீக்கும் இயந்திரத்தைத் தனி ஒரு விவசாயி வாங்குவது கடினம். ஐம்பது குடும்பங்கள் பங்கு போட்டால் பாரமில்லை. குத்துக்கூலிபோல ஒரு சிறு தொகை வசூலித்தால் மின்கட்டணமும் பழுதுபார்க்கும் செலவும் அடங்கும். ஆண்டு முழுவதும் ஓட்டுவதற்குப் போதிய தானியம் சேருமா என்ற கேள்வி மட்டும் என்னை உறுத்துகிறது. விதைப்பு கூடினால்தான் இயந்திரம் பிழைக்கும். இயந்திரம் வந்தால்தான் விதைப்பு கூடும்.

திரும்பும் வழியில் நெசவாளி பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். வெகுநேரம் பேசவில்லை. அடிவாரம் வந்ததும், "சார், மனு எழுத என்ன வாசகம் போடவேண்டும்?" என்று கேட்டார்.

அம்மனு இப்போது மலைச் சங்கத்தின் நிர்வாகக் குழு முன் இருக்கிறது. எழுதியவர் நெசவாளியானாலும் அவர் அச்சங்கத்தில் அங்கத்தினர் அல்லர், ஆகையால் கையொப்பமிடவில்லை. முதல் கையொப்பம் அம்மையாருடையது. அவர் கணவருடையது அதற்குக் கீழே. மொத்தம் முப்பத்தொரு கையொப்பங்களில் பத்தொன்பது பெண்களுடையவை. ஆடியில் இம்முறை அரை ஏக்கர் விதைத்திருக்கிறார்கள். ஐப்பசியில் கதிர் அறுப்பதற்குள் குழு முடிவு செய்துவிடுமா என்று கேட்டு, அம்மையார் பேரனைக் கொண்டு எனக்கு ஒரு கடிதம் எழுதச் செய்திருக்கிறார்.