கோப்பு மாறியும் வழங்கி ஏன் விழிப்பதில்லை?

நிரலைத் திருத்திச் சேமித்தும் உலாவியில் பழைய பக்கமே வருகிறதா? நிரலில் பிழை தேடுமுன், மாற்றத்தைக் கவனிக்கும் கருவியைச் சோதியுங்கள்.

ஜாங்கோ வழங்கி வழக்கமாக நொடிக்கொரு முறை கோப்புகளின் திருத்த நேரத்தைப் பார்க்கும். வேறு சில கருவிகள், 2005இல் லினக்ஸ் கெர்னல் 2.6.13உடன் வந்த ஐநோட்டிஃபை செய்தி தரும்வரை காத்திருக்கும். அது கோப்பின் பெயரை அல்ல, ஐநோடைத்தான் தொடர்கிறது. வெஸ்ட் ஈலிங்கில் ஒரு வீட்டைக் கவனிக்கச் சொன்னால், அதைக் காலி செய்தவர் பின்னாலேயே போய்விடும் காவலாளியைப் போல!

உரைதொகுப்பிகள் பலவும் புதுக் கோப்பை எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகின்றன. சேமிப்பதற்கு முன்னும் பின்னும் ஐநோட் எண்ணை ஒப்பிடுங்கள். மாறியிருந்தால், கோப்பை விட்டு அதன் அடைவைக் கண்காணிக்கச் செய்யுங்கள்.