வாங்கியது 144, ஓடியது 60!

கிள்ளானில் இருக்கும் என் அக்காள் மகன் நான்காம் படிவ மாணவன். தீபாவளிக்குக் கிடைத்த பணத்தைச் சேர்த்துவைத்து, இணைய விளையாட்டுக்காக 144 ஹெர்ட்ஸ் திரை ஒன்றை வாங்கினான். இரண்டு வாரம் கழித்து, "மாமா, பழைய திரைக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலையே" என்றான். போய்ப் பார்த்தேன். திரையில் குறை இல்லை. கணினிதான் அதற்கு இன்னமும் விநாடிக்கு 60 படங்களையே அனுப்பிக்கொண்டிருந்தது.

ஒரு திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதைத்தான் இந்த ஹெர்ட்ஸ் எண் சொல்கிறது. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லி விநாடி நிற்கும், 144இல் 6.9 மட்டுமே. எதிரி ஒருவன் 1920 புள்ளி அகலமுள்ள திரையை ஒரு விநாடியில் கடந்து ஓடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸில் அவன் 32 புள்ளிகளாகத் தாவித் தாவிப் போவான். 144இல் ஒவ்வொரு தாவலும் 13 புள்ளிதான். குறி வைப்பவருக்கு இது பெரிய உதவி. அடுத்து 240 ஹெர்ட்ஸ் திரைக்குப் போனால் தாவல் 8 புள்ளியாகும். ஆனால் மிச்சமாகும் நேரம் 3 மில்லி விநாடிகூட இல்லை. லோ யாட் பிளாசாவுக்குப் புறப்படும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

(இந்த 60 அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்; தொலைக்காட்சி அதையொட்டி அமைந்தது, கணினித் திரையும் அதே வழியில் போனது. நம் வீட்டு மின்சாரமோ 50 ஹெர்ட்ஸ்!)

மருமகனின் கணினியில் இரண்டு தவறுகள். கிராபிக்ஸ் அட்டையில் டிஸ்பிளேபோர்ட் சும்மா கிடக்க, திரையின் கேபிளைத் தாய்ப்பலகையில் செருகியிருந்தான். அதை மாற்றினோம். பிறகு விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று உள்ளே போய், 60 என்றிருந்ததை 144 ஆக்கினோம். மவுஸை வட்டமாகச் சுழற்றிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

ஆனால் விளையாட்டைத் திறந்தால் கணினியால் விநாடிக்கு 80 படம்தான் வரைய முடிந்தது. நிழல், புகை போன்ற அலங்காரங்களைக் குறைத்ததும் எண்ணிக்கை ஏறியது. படம் நடுவில் கிழிந்ததுபோல் தெரியாமலிருக்க ஃப்ரீசிங்கையும் இயக்கினோம்.

"அப்போ இனி நான் தோற்கவே மாட்டேனா?"

2018 நவம்பரில் புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரங்கில் டோட்டா 2 கோலாலம்பூர் மேஜர் போட்டி நடந்தது. இப்படி அரங்கில் நடக்கும் போட்டிகளில் சர்வரை அருகிலேயே வைத்து, கணினிகளை கேபிளால் இணைப்பது வழக்கம். வீட்டில் அப்படியில்லை. நாம் விளையாடும் பல விளையாட்டுகளின் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆகவே போய்வர மட்டும் குறைந்தது 3 மில்லி விநாடி. 240 ஹெர்ட்ஸ் திரை மிச்சப்படுத்துவதை இந்தத் தூரமே விழுங்கிவிடும். அதோடு வைஃபை தடுமாற்றம் வேறு. அவன் அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவே இரண்டு சுவர்கள்.

இப்போது அக்காளிடம் அவன் கேட்டுக்கொண்டிருப்பது 15 மீட்டர் லேன் கேபிள்.