ரூபாய் நோட்டில் ஒரு வரிச் சண்டை!

பிள்ளைகளே, வீட்டில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வாங்கி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு கட்டத்துக்குள் 15 மொழிகளில் 'பத்து ரூபாய்' என்று வரிசையாக அச்சிட்டிருக்கும். நம் தமிழ் எத்தனையாவது? எண்ணிப் பாருங்கள்... பதின்மூன்றாவது! ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியிருப்பதால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

மொரீஷியஸ் நாட்டில் சண்டையே வந்தது. மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் குட்டித் தீவு அது. ஆப்பிரிக்க நாடுகளில் ஒன்று. அந்த ஊர் ரூபாய் நோட்டிலும் தமிழ் உண்டு, தெரியுமா? முதலில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அதன் கீழே இந்தி. ஆனால் 1998இல் வெளியான புதிய நோட்டுகளில் இந்தி மேலேயும் தமிழ் அதற்குக் கீழேயும் வந்துவிட்டன. அங்குள்ள தமிழர்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999இல் தமிழை மேலே வைத்து மறுபடி அச்சிட்டார்கள்!

ஒரு வரி கீழே போனால் என்ன குறைந்துவிடும் என்கிறீர்களா? "இந்தியாவிலிருந்து இங்கே முதலில் வந்தவர்கள் நாங்கள்" என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அது உண்மையும்கூட.

அந்தத் தீவு பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தபோது, 1735இல் லபூர்தொனே என்பவர் ஆளுநராக வந்தார். போர்ட் லூயிஸ் என்ற துறைமுக நகரைக் கட்டக் கொத்தனார்களும் தச்சர்களும் வேண்டுமே! புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை வரவழைத்தார்கள். அடிமைகளாகக் கொண்டு போகப்பட்ட இந்தியர்களும் உண்டு. அவர்கள் கதையை எழுதி வைத்தவர்கள் குறைவு.

இதே லபூர்தொனேதான் 1746 செப்டம்பரில் கப்பல்களோடு வந்து நம் சென்னைக் கோட்டையைப் பிடித்தவர். அடுத்த மாதமே அடையாற்றங்கரையில் பிரெஞ்சுப் படைக்கும் ஆற்காட்டு நவாபின் படைக்கும் சண்டை நடந்தது. மயிலாப்பூரிலிருந்து அடையாறு பாலம் தாண்டிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

1810இல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1835இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! ஒப்பந்தக் கூலிகளாகச் சுமார் நாலரை லட்சம் இந்தியர்கள் போய் இறங்கினார்கள். பீகார்ப் பக்கத்து மக்கள்தாம் அதிகம். தமிழர்களும் தெலுங்கர்களும் மராத்தியரும் இருந்தார்கள். அவர்கள் கரையேறிய படித்துறை 'ஆப்பிரவாசி காட்'. 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நாடு 1968 மார்ச் 12இல் சுதந்திரம் பெற்றது. தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. பூக்காவடி தூக்கிக்கொண்டு ஊரே முருகன் கோயிலுக்கு நடக்கும். ஆனால் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது 'கிரியோல்' என்ற மொழி, பிரெஞ்சிலிருந்து பிறந்தது. தமிழைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமாகத்தான் படிக்கிறார்கள். வீட்டுப் பேச்சிலிருந்து தமிழ் நழுவிவிட்டதால்தான் நோட்டில் இருக்கும் அந்த ஒரு வரி அவர்களுக்கு அத்தனை பெரிதாகத் தெரிந்ததோ என்று எனக்குத் தோன்றுகிறது.

பெயர்கள் மட்டும் அவர்களைவிட்டுப் போகவில்லை. எழுதும் விதம்தான் மாறிவிட்டது. நூறு ரூபாய் நோட்டில் படமாக இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன் என்ற வழக்கறிஞர். 'ஆர்மூகம்' என்று யாராவது சொன்னால், அது நம் ஆறுமுகம். 2016 முதல் 2019 வரை அந்நாட்டின் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர் பெயரில் 'வ்யாபூரி' என்று இருக்கும். அது யார் பெயர், கண்டுபிடித்துவிட்டீர்களா? நம்ம வையாபுரிதான்!