1022-இல் 13 போனால்

பதற்றத்தை அளக்க வேண்டுமானால் முதலில் அதை வரவழைக்க வேண்டும். அதுவும் யார் வந்தாலும், எந்த நாளில் வந்தாலும் தவறாமல் வர வேண்டும். ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் கிளமென்ஸ் கிர்ஷ்பாமும் அவரோடு பணியாற்றியவர்களும் 1993-இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஊசி கிடையாது, மின்னதிர்ச்சி கிடையாது. வந்தவரை எழுந்து நிற்கச் சொல்வார்கள். எதிரே சிலர் உட்கார்ந்திருப்பார்கள். முகத்தில் சிரிப்பும் இருக்காது, கோபமும் இருக்காது. அவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அடுத்த ஐந்து நிமிடம் மனக்கணக்கு. 1022-இலிருந்து 13 கழி; வந்த விடையிலிருந்து மறுபடி 13 கழி; வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போ. 1009, 996, 983... ஒரு இடத்தில் பிசகினால், "தப்பு. முதலிலிருந்து ஆரம்பியுங்கள்."

அவ்வளவுதான். எச்சிலை எடுத்துச் சோதித்தால் கார்டிசால் என்ற பதற்றச் சுரப்பு 2 முதல் 4 மடங்கு வரை ஏறியிருந்தது. நன்றாகப் படித்த, உடல்நலமுள்ள பெரியவர்களுக்கே இந்தக் கதி. இதைப் படித்தபோது எனக்கு வியப்புக்கு முன்னால் சிரிப்புதான் வந்தது. அவர்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்தது நம்மூர்க் கணக்கு வகுப்பை!

சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி என்ற இரு ஆய்வாளர்கள் 2004-இல் இப்படிப்பட்ட 208 ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். கார்டிசாலை அதிகம் ஏற்றுவது வேலையின் கடினம் அல்ல. பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வு ஒன்று. நாம் என்ன செய்தாலும் நிலைமை நம் கைக்கு வராது என்ற உணர்வு இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் ஏறுவதும் அதிகம், இறங்குவதும் தாமதம். 2013-இல் இதே பரிசோதனையின் இளகிய வடிவம் ஒன்றைச் செய்தார்கள். எதிரே இருந்தவர்கள் சிரித்த முகமாகத் தலையாட்டிக் கேட்டார்கள். அப்போதும் எழுந்து நின்று பேசத்தான் வேண்டும், ஆனால் கார்டிசால் ஏறவில்லை.

"வீட்டுல போட்டுப் பார்த்த கணக்குதான் சார், போர்டுக்கு வந்ததும் மறந்துபோச்சு" என்று பிள்ளை சொன்னால் அது சாக்குப்போக்கு என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் மறக்கவில்லை. 1009-ஐ மனத்தில் பிடித்துக்கொண்டு அதிலிருந்து 13-ஐக் கழிக்க நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியில் கொஞ்சம் இடம் வேண்டும். இந்தத் தற்காலிக நினைவு, விடிகாலையில் போடிமெட்டு ஏறும் ஜீப்பைப் போன்றது. இடம் கொஞ்சம், ஏறுகிறவர்கள் அதிகம். 'சிரிப்பார்களோ', 'அடி விழுமோ' என்ற நினைப்புகள் முதலில் ஏறிக்கொண்டால் கணக்குக்கு உட்கார இடம் இருக்காது.

அந்த ஜீப்புகளில் உண்மையாகவே ஏறிப் போகிறவர்கள் பலர் போடிநாயக்கனூர்ப் பிள்ளைகளின் அம்மாக்கள். சாப்பாட்டுத் தூக்கு, மழைக்குப் போர்த்திக்கொள்ள பிளாஸ்டிக் தாள், காலில் ரப்பர் செருப்பு. கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு, அதாவது இன்னொரு மாநிலத்துக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்புகிறார்கள். ஏலச்செடியில் ஒரே சரத்தில் உள்ள காய்கள்கூட ஒன்றாக முற்றுவதில்லை. ஆகவே மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். மழைக்காலத்தில் தொடங்கும் காய் எடுப்பு புத்தாண்டு தாண்டியும் நீள்வதற்கு இதுதான் காரணம். பள்ளிக்கூட வருடத்தில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடுகிறது. பிள்ளை கண்விழிக்கும்போது அம்மா பாதி மலை ஏறியிருப்பார்.

இதற்கும் கார்டிசாலுக்கும் தொடர்பு இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர் குழுவினர் 7 முதல் 12 வயதுள்ள 61 சிறுமிகளை அந்தப் பேச்சு, கணக்குப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். முடிவுகள் 2010-இல் வெளியாயின. சோதனை முடிந்ததும் சிலரை அம்மா வந்து கட்டி அணைத்துத் தேற்றினார். சிலருக்கு அம்மாவின் குரல் போனில் மட்டும் வந்தது. மற்றவர்கள் சாதாரண படம் ஒன்றைப் பார்த்தார்கள். அணைப்பு பெற்றவர்களுக்கும் குரல் மட்டும் கேட்டவர்களுக்கும் கார்டிசால் ஏறத்தாழ ஒரே மாதிரி இறங்கியது, பாசத்தோடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற சுரப்பு ஏறியது. படம் பார்த்தவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. 2012-இல் அம்மாவின் ஆறுதலைக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்தார்கள். எழுத்து பலிக்கவில்லை. உடல் கேட்பது குரலை.

மலையிலிருந்து போன் அடிக்க அம்மாவுக்குச் சிக்னலும் வேண்டும், கங்காணியின் பார்வை வேறு பக்கமும் இருக்க வேண்டும். அப்படியே அடித்தாலும் பிள்ளை வகுப்பில். ஆனால் ஆறுதலான குரல் அம்மாவுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமையும் வீட்டுச் சண்டையுமாக வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் நல்லபடியாகவே தலையெடுத்திருந்தார். அவர்கள் வாழ்க்கையில் திரும்பத் திரும்பத் தென்பட்டது, பெற்றோர் இல்லாவிட்டாலும் தாத்தா பாட்டியோ ஆசிரியரோ, நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவர். போடியில் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பும் அப்பத்தாக்களுக்கு இந்த ஆய்வு தேவைப்படாது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தையும் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். உப்புமா வயிற்றுக்கு. கரண்டி பிடித்தவர் "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்பது வேறு கணக்கில் சேரும்.

இதுவரை சொன்னது ஒரு பிள்ளை, ஒரு பெரியவர் பற்றி. பள்ளிக்கூடம் அதைவிடப் பெரிய இடம். அங்கே ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குத் தாளில் அச்சிட்ட புதிர்ப்பாதைகளைக் கொடுத்தார்கள். உயர்சாதி எனப்படுவோரில் 321 பேர், தாழ்த்தப்பட்டோரில் 321 பேர். வழி கண்டுபிடித்தால் காசு. சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஒரே அளவில் முடித்தார்கள். பிறகு வேறு குழுக்களில் ஒவ்வொருவர் பெயரோடும் சாதியை உரக்க வாசித்தார்கள். தாழ்த்தப்பட்ட பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. அதே வயதுப் பையன்கள், அதே மாதிரிப் புதிர்கள். கூடுதலாக வந்தது ஒரே ஒரு சொல்.

நம் வகுப்பறைகளில் இந்தச் சொல் சோதனைக்காக வாசிக்கப்படுவதில்லை. ஸ்காலர்ஷிப் படிவம் வந்த நாளில், "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திருங்க" என்று நல்லெண்ணத்தோடுதான் வாசிக்கப்படுகிறது. கையில் கட்டிய வண்ணக் கயிறு அதை வாய்திறக்காமலே வாசிக்கிறது. நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை இரண்டையும் தொட்டது. கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி கூடாது, உதவித்தொகைச் செய்தியைத் தலைமையாசிரியர் தன் அறைக்கு அழைத்துத் தனியே சொல்ல வேண்டும். அறிக்கை வந்தபோது கயிற்றைப் பற்றித்தான் ஊரெங்கும் பேச்சு. எனக்கு அந்தத் தலைமையாசிரியர் அறைதான் பெரிதாகப்பட்டது.

ஹாஃபும் பாண்டேயும் இன்னொரு சுற்றும் நடத்தினார்கள். இதிலும் சாதி உரக்க வாசிக்கப்பட்டது. ஆனால் பரிசு யாருக்கு என்பதை மனிதர்கள் அல்ல, குலுக்கல் சீட்டே தீர்மானிக்கும் என்று அறிவித்தார்கள். அந்தச் சுற்றில் இரு தரப்புக்கும் இடையே இருந்த இடைவெளி மறைந்துவிட்டது.