தூண்டில் மீன் உடம்புக்குச் சேரலையா?

ஐப்பசியில் வள்ளமேறித் தூண்டில் போடும் தூத்துக்குடி அன்பர்களே! சீலாவோ சூரையோ மாட்டினால் பெருமைதான். ஆனால், 'மழை மாசம்தானே' என்று ஐஸ் இல்லாமல் போவீர்கள். நம்மூர் வெயில் ஐப்பசியிலும் சும்மா விடுமா?

சூட்டில் கிடக்கும் மீனின் சதையில் கிருமிகள் 'ஹிஸ்டமின்' என்ற பொருளை உண்டாக்கிவிடும். பொரித்தாலும் கொதித்தாலும் அது அழியாது; ருசியிலும் பெரும்பாலும் தெரியாது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும்.

"மீன் சேரலை டாக்டர்"னு வருவாங்க. மத்தியானம் வரை வாளியில் கிடந்ததை மட்டும் சொல்ல மாட்டாங்க!

பிடித்தவுடன் குடலை எடுத்து ஐஸில் புதையுங்கள். மூச்சு முட்டினால் என் கஷாயத்துக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.