தொட்டி வாங்கிய அன்றே இறாலை விடாதீர்கள்!

சென்னை, கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கப்பி, மோலி, தங்கமீன் தொட்டிகளுக்கு நடுவே, பாசிமேல் சிவப்பு மணிகள் சிந்தியதுபோல ஏதோ ஊர்ந்துகொண்டிருக்கும். குனிந்து பார்த்தால் இறால். பெயர் செர்ரி இறால். நன்றாக வளர்ந்ததே இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். சாப்பிடுவதற்கு அல்ல, அழகுக்காகவும் குஞ்சு விற்பனைக்காகவும் வளர்க்கப்படுவது.

பார்த்ததும் ஆசை வந்துவிடும். கண்ணாடித் தொட்டி, மணல், செடி, பத்து இறால் என எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி, அன்று மாலையே தண்ணீரை நிரப்பி இறாலையும் விட்டுவிடுவார்கள். மறுநாள் ஒன்று சாகும், அதற்கு மறுநாள் இரண்டு. ஒரு வாரத்தில் தொட்டி காலி. ‘கடைக்காரர் சீக்கு இறாலைத் தலையில் கட்டிவிட்டார்’ என்ற புகார் அப்போதுதான் பிறக்கும். இறாலில் குறை இருப்பது அபூர்வம். தண்ணீர்தான் இன்னும் தயாராகவில்லை.

தண்ணீரில் நடக்கும் உர மாற்றம்

யூரியா போட்டால் அது மண்ணில் அமோனியமாகி, பிறகு நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுவது விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். தொட்டியிலும் அதே கதை. இறாலின் கழிவும் மிஞ்சிய தீவனமும் அழுகி அமோனியா உண்டாகும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் இறாலுக்கு விஷம். நைட்ரேட் குறைந்த அளவில் இருந்தால் பாதகமில்லை, செடிகள் அதை எடுத்துக்கொள்ளும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் இருக்காது. அவை மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேற 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும்.

அதனால் முதல் மாதம் இறால் இல்லாத தொட்டிதான். ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரத் தொட்டியில் சுமார் 35 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆரம்பிக்க இது போதும். இதைவிடச் சின்னத் தொட்டியில் சூடும் உப்பும் சட்டென்று ஏறி இறங்கும். மோட்டார் ஃபில்டர் வேண்டாம், குஞ்சுகளை இழுத்துவிடும். காற்று பம்ப்பில் ஓடும் பஞ்சு ஃபில்டர் போதுமானது. கொஞ்சம் ஜாவா பாசி, காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்று ஆகியவற்றைப் போட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் தூவி வர வேண்டும். அது அழுகித்தான் பாக்டீரியாவுக்கு உணவாகும். பரிசோதனைப் பெட்டியில் பார்க்கும்போது அமோனியாவும் நைட்ரைட்டும் சில நாள்கள் தொடர்ந்து பூஜ்யத்தில் நின்றால் தண்ணீர் தயார். தண்ணீர் பளிங்குபோல இருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அமோனியா கண்ணுக்குத் தெரியாது.

கிராமத்துக் கிணறு, குட்டையிலிருந்து பாசி எடுத்து வருபவர்கள் அதை ஒரு வாளியில் சில நாள்கள் போட்டு வைத்து நன்றாக அலச வேண்டும். அதில் தட்டான் பூச்சியின் இளம்புழு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தாலே இரவோடு இரவாக இறால்கள் குறைய ஆரம்பிக்கும்.

போர் தண்ணீரா, மழைத் தண்ணீரா?

செர்ரி இறாலுக்கு உப்பளவு, அதாவது டி.டி.எஸ் 150 முதல் 300 வரையும், பி.எச் 6.5 முதல் 8 வரையும் இருந்தால் நல்லது. ஆழ்குழாய்த் தண்ணீரில் பல ஊர்களில் டி.டி.எஸ் ஆயிரத்தைத் தாண்டும். அங்கே மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீரையோ, ஆர்.ஓ தண்ணீரையோ கலந்து அளவைக் குறைக்கலாம். தனியாக மழைத் தண்ணீரோ ஆர்.ஓ தண்ணீரோ மட்டும் ஊற்றினால், ஓடு கெட்டிப்படத் தேவையான சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல் சட்டை உரிக்கும்போது செத்துப்போகும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்துவிட வேண்டும்.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு மறுபடியும் போர் தண்ணீரையே ஊற்றி வந்தால் மாதா மாதம் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆவியான அளவை ஈடுகட்ட மழைத் தண்ணீர் அல்லது ஆர்.ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். பாதித் தொட்டியை ஒரேயடியாக மாற்றினால் இறால் பாதியில் சட்டை உரித்துத் தவிக்கும்.

கோடைக்காலம் பெரிய கண்டம். 20 முதல் 28 டிகிரி வரை சௌகரியமாக இருக்கும் இந்த இறால், 30 டிகிரியைத் தாண்டினால் சோர்ந்துவிடும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் பிராணவாயுவும் குறையும். சித்திரை, வைகாசியில் தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். வெயில் நேரடியாக விழும் ஜன்னலோரம் தொட்டியே வைக்கக் கூடாது.

தோட்டத்திலிருந்து வரும் கை

விவசாயி வீட்டில் இறால் வளர்ப்பதில் தனி ஆபத்து ஒன்று இருக்கிறது. இறால், பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே போதும். மருந்து தெளித்துவிட்டு வந்த கையைத் தொட்டிக்குள் விடவே கூடாது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவத்தி, கொசு மருந்து மெஷின் இரண்டும் ஆகாது, காற்று பம்ப் அந்தப் புகையையும் சேர்த்துத் தண்ணீருக்குள் தள்ளும். போர்டோ கலவையில் இருக்கும் தாமிரமும் இறாலுக்கு எமன். மீன் கடையில் கிடைக்கும் சில நோய் மருந்துகளிலும் நத்தைக்கொல்லிகளிலும் தாமிரம் உண்டு. செம்புக் குடத்தில் பிடித்த தண்ணீரையும் தவிர்ப்பது நல்லது.

இறாலை விடும் நாள்

முதலில் 10 முதல் 15 இறால் போதும். பெரிய இறாலைத் தேடாமல், நடுத்தர அளவில், சுறுசுறுப்பாக மேய்ந்துகொண்டிருப்பவற்றைக் கேட்டு வாங்கலாம். சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் பார்க்க அழகு என்று கலந்து விட்டால், தலைமுறை போகப் போக மங்கிய பழுப்பு நிறக் குஞ்சுகளே மிஞ்சும். தைவான், சீன ஓடைகளில் வாழ்ந்த இதன் மூதாதையின் நிறம் அதுதான். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம். மீனும் வேண்டாம், சாதுவான கப்பிகூடக் குஞ்சைத் தின்னும்.

பையோடு வந்த இறாலை அப்படியே கவிழ்க்காமல், ஒரு பாத்திரத்தில் பைத் தண்ணீரோடு ஊற்றி, காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சொட்டுநீர்ப் பாசனம் மாதிரிதான். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தண்ணீர் மூன்று மடங்கானதும், இறாலை மட்டும் வலையில் எடுத்து விடலாம்.

தீவனம் குறைவாகத்தான் வேண்டும். பாசியே பாதி சாப்பாடு. வாரத்தில் இரண்டு, மூன்று நாள்கள் மருந்தடிக்காத கீரையை வேகவைத்து ஒரு துண்டு போட்டு, மிச்சத்தைச் சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். கழற்றிப்போட்ட சட்டையை மட்டும் எடுக்கக் கூடாது, அதையும் அவை தின்னும்.

பெண் இறால் வயிற்றின் அடியில் 20, 30 முட்டைகளை மூன்று, நான்கு வாரம் சுமக்கும். ஸ்கேம்பி இறால் குஞ்சுகளுக்கு உவர்நீர் வேண்டும். இதற்குத் தேவையில்லை. பொரிக்கும்போதே தாயின் வடிவத்தில் மயிரிழை அளவுக்கு இருக்கும் குஞ்சுகள், அதே தொட்டியில் வளர்ந்துவிடும்.

பெருகுவது எளிது, விற்பதுதான் வேலை. நிறம் அழுத்தமாக இருக்கும் இறாலைத்தான் கடைக்காரர்கள் விரும்புவார்கள். அதனால் வெளிறியவற்றை அவ்வப்போது வேறு தொட்டிக்குப் பிரிக்க வேண்டும். பக்கத்து ஊர் வண்ண மீன் கடையில் எந்த நிறம் ஓடுகிறது, எத்தனை எடுப்பார்கள் என்று முன்பே பேசிவைத்த பிறகு இரண்டாவது தொட்டிக்குச் செலவு செய்யலாம். மிஞ்சியவற்றைக் கிணற்றிலோ, பண்ணைக்குட்டையிலோ கொட்டிவிட வேண்டாம். இது வெளியூர் இனம், அங்கே பெருகினால் திரும்பப் பிடிக்க முடியாது.