நேர்முகப் பரீட்சையும் எம் பட்டதாரிகளும்

எழுத்துப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வதில் யாழ்ப்பாணத்து மாணவர் பெயர் பெற்றவர். எம் தந்தையரும் பேரரும் அரசாங்க எழுதுவினைஞர் பரீட்சையிலே தேறி உத்தியோகம் பெற்றனர். இற்றை நாளிலோ வங்கிகளும், மென்பொருள் நிறுவனங்களும், தொண்டு நிறுவனங்களும் பட்டத்தையும் புள்ளிகளையும் பார்த்தபின் வேறொரு வினாவை எழுப்புகின்றன. நீங்கள் இதுவரை செய்தது யாது என்பதே அவ்வினா.

இதனை நடத்தைசார் நேர்முகப் பரீட்சை என்பர். “ஒத்துப்போகாத ஒருவருடன் வேலை செய்த சந்தர்ப்பம் ஒன்றைக் கூறுங்கள்”, “எடுத்த காரியம் பிழைத்தபோது என்ன செய்தீர்கள்?” என்பன போன்ற வினாக்கள் இதில் வரும். ஒருவரின் குணத்துக்கு அவர் செயலே உரைகல் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்க விமானப் படையினரை ஆராய்ந்த உளவியலறிஞர் ஜோன் பிளனகன், திறமை பற்றிய பொதுப் பேச்சை விடுத்து, உண்மையாக நடந்த நிகழ்ச்சிகளைச் சேகரிக்கும் முறையை வகுத்து 1954இல் வெளியிட்டார். இன்றைய வினாக்களுக்கு அம்முறை ஒரு மூலமாகும். ஐக்கிய நாடுகள் அமைப்பும் இத்தகைய நேர்முகப் பரீட்சையையே நடத்துகின்றது.

விடைக்கு நான்கு உறுப்புக்கள் உள. அவை நிலைமை, பொறுப்பு, செயல், விளைவு என்பன. நல்லூர்த் திருவிழாவிலே தண்ணீர்ப் பந்தல் நடத்திய மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். “நாங்கள் எல்லாரும் சேர்ந்து நடத்தினோம், நன்றாக நடந்தது” என்று அவன் கூறினால், பரீட்சகர் புள்ளியிடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. அவனே பின்வருமாறு கூறலாம்: “தேர்த் திருவிழாவன்று நண்பகலில் தண்ணீர் முடிந்துவிட்டது. அடுத்த பவுசர் வர இரண்டு மணித்தியாலமாகும் என்றார்கள். தண்ணீருக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். அயலில் இரண்டு வீட்டாரிடம் கிணற்றில் அள்ள அனுமதி கேட்டேன். பன்னிரண்டு தொண்டரை இரு பிரிவாக்கினேன். அரை மணித்தியாலத்தில் மீண்டும் வழங்கத் தொடங்கினோம். மறுநாள் தீர்த்தத்துக்கு மேலதிகத் தாங்கி ஒன்றை ஒழுங்கு செய்தேன்.” இரண்டும் ஒரே நிகழ்ச்சியே. பின்னையதில் மட்டுமே அவ்விளைஞனின் செயல் தெரிகின்றது.

எம் இளைஞருக்குச் செயலிலே குறைவில்லை. அதனை “நான் செய்தேன்” என்று சொல்லவே கூச்சம் தடுக்கின்றது. தற்புகழ்ச்சி தகாது என்று வளர்க்கப்பட்டவர் அவர். ஆயின், நாவலர் பெருமான் காண்டிகையுரை எழுதிய நன்னூலை நோக்குக. தன்னைப் புகழ்தல் தகாது எனக் கூறிய பவணந்தி முனிவரே நான்கு இடங்களை விலக்காகக் காட்டினார். அரசவைக்கு ஓலை விடுக்கும் இடமும், தன் ஆற்றலை அறியாதார் நடுவும் அவற்றுள் இரண்டாம். வேலைக்கு அனுப்பும் விண்ணப்பம் முன்னையதைப் போன்றது. நேர்முகப் பரீட்சை பின்னையதைப் போன்றது. அறியாதாருக்கு உள்ளதை உள்ளவாறு உரைப்பது செருக்காகாது.

ஆயத்தம் எவ்வாறு? முதலில் விளம்பரத்தைப் படித்து, அவ்வேலைக்கு வேண்டிய குணங்களைக் குறித்துக்கொள்ளுக. பின்னர் தம் வாழ்விலிருந்து ஆறேழு நிகழ்ச்சிகளைத் தெரிந்தெடுக்க வேண்டும். மாணவ முதல்வர் பணி, சாரணர் பாசறை, சனசமூக நிலையம், பல்கலைக்கழக ஆய்வு, தந்தையின் தோட்டத்திலோ கடையிலோ செய்த வேலை ஆகிய எதுவும் பயன்படும். ஒவ்வொன்றையும் நான்கு உறுப்பாகத் தமிழில் எழுதித் தெளிந்தபின், பரீட்சை ஆங்கிலத்திலாயின் ஆங்கிலத்தில் இரண்டு நிமிடத்துள் வாய்விட்டுச் சொல்லிப் பழகுக. மனனஞ் செய்தல் வேண்டா. வினா சிறிது மாறினும் மனனம் கைவிடும். பலர் கூடிச் செய்ததை “நாம்” என்றும், தான் செய்ததை “நான்” என்றும் பிரித்துரைக்க வேண்டும். தவறு பற்றிக் கேட்டால் பிறர்மேற் பழி போடாது, அதன்பின் தான் மாற்றிக்கொண்டதைக் கூறுக. இல்லாததைப் புனைவது கூடாது. “அப்போது அவர் என்ன சொன்னார்? பிறகு என்ன செய்தீர்கள்?” எனப் பரீட்சகர் தொடர்ந்து கேட்கையில் புனைவு குலைந்துவிடும்.

வேலையின்மை முழுவதும் பேச்சுக் குறையால் வந்ததென்று நாம் கூறவில்லை. 2017ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன் நாட்கணக்காகச் சத்தியாக்கிரகமிருந்த பட்டதாரிகளுக்கு வேண்டியிருந்தது பேச்சுப் பயிற்சியன்று, வேலை வாய்ப்பே. வாய்ப்புக்கள் அரிதாயிருப்பதனாலேயே, கிடைத்த ஒன்றைக் கூச்சத்தால் இழப்பது பெரு நட்டமாகின்றது.

இவ்விடத்திற் பழைய மாணவருக்குக் கடனொன்று உண்டு. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பரீட்சகர் ஆசனத்தில் அமர்ந்து பழகியவர் எம்முட் பலர். ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமையேனும், நேரிலோ காணொளி வாயிலாகவோ, எம் இளைய பட்டதாரிகள் இருவர் மூவருக்கு மாதிரிப் பரீட்சை நடத்தி, குறைகளை ஒளியாது எடுத்துரைப்போமாக. விழாக் கொண்டாடும் கல்லூரிக்கு நாம் கொடுக்கத்தக்க காணிக்கைகளுள் இதுவும் ஒன்று. செலவு சிறிது, பயன் பெரிது.